மழைக்காலத்தில் சோரிஸ் வாங்கி நான் பட்ட பாடு

போன ஆகஸ்டில் நாலு கிலோ சோரிஸ் வாங்கியதில் என் கையை விட்டுப் போனது 15,000 ரூபாய்க்குப் பக்கம். பணம்கூடப் பரவாயில்லை, வருஷத்துக்கு மூன்று நான்கு விசேஷத்துக்கு என்னையே கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு வீடு அத்தோடு போய்விட்டது. சோரிஸ் என்றால் கோவாவின் பன்றிக்கறி சாசேஜ். ஜெபமாலை மணிபோலச் சிவப்புச் சிவப்பாகக் கோர்த்துக் கடைகளில் தொங்கவிட்டிருப்பார்களே, அதுதான். அதை வைத்து என்னென்ன சமைக்கலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எப்படிப் பார்த்து வாங்குவது, வாங்கியது சரியில்லை என்று கடைசி நேரத்தில் தெரிந்தால் என்ன செய்வது என்றெல்லாம் எனக்குச் சொல்ல ஆள் இருக்கவில்லை. கோவாவுக்கு வேலை மாற்றலில் வரும் நம்மவர்கள், சுற்றிப் பார்க்க வந்து ஊருக்கு வாங்கிப் போகிறவர்கள், என்னைப்போல வீட்டிலிருந்தே சமைத்துக் கொடுப்பவர்கள், யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. பன்றிக்கறி எனக்குப் புதிதில்லை. கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டில் மிளகு போட்டு வறுப்போம். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை, அதனால் கோவாவின் வாஸ்கோ ஊரில் குடித்தனம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு சும்மா இருக்க வேண்டாமே என்று விசேஷ வீடுகளுக்குச் சமைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். நம் ஊர்ச் சாப்பாடு கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அதிகம் கேட்பது சோரிஸ் புலாவும், பச்சை மசாலா தடவிப் பொரிக்கும் சிக்கன் கஃப்ரியாலும்தான். கோவாக்காரர்களுக்கே கோவாச் சாப்பாடு சமைத்துப் போட ஒரு தமிழச்சியா என்று ஆரம்பத்தில் எனக்கே கூச்சம். புலாவை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள், கூச்சம் போய்விட்டது.

ஊரில் இருப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரில் கிடக்கும் சிக்கன் சாசேஜ் வேறு, இது வேறு. அந்தப் பாக்கெட் சாசேஜில் கறியை மாவாக அரைத்து, உறையில் அடைத்து, வேகவைத்தே அனுப்புகிறார்கள். வாணலியில் புரட்டிச் சூடு பண்ணினால் முடிந்தது. சோரிஸ் பச்சைக்கறி. பன்றிக்கறியையும் கொழுப்பையும் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, உப்புப் போட்டுப் பிசறி, மேலே பாரம் வைத்து நீரை வடிய விடுவார்கள். காய்ந்த மிளகாய், பூண்டு, இஞ்சி, சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை எல்லாவற்றையும் தண்ணீரே படாமல் கள்ளு வினிகரில் அரைத்து, அந்த மசாலாவில் கறியை ஊற வைப்பார்கள். சிலர் ஃபெனி என்கிற கோவாச் சாராயமும் கொஞ்சம் ஊற்றுவதுண்டு. அப்புறம் சுத்தம் செய்த குடலில் அடைத்து, நூலால் இடைவெளி விட்டுக் கட்டி, வெயிலில் காயப்போட வேண்டும். வெயில் போதாவிட்டால் அடுப்புப் புகையில் தொங்கவிட வேண்டும். இதில் எந்தக் கட்டத்திலும் கறி நெருப்பில் வேகவில்லை. உப்பும் புளிப்பும் காய்ச்சலும் மூன்றும் சேர்ந்துதான் அதைக் கெடாமல் காக்கின்றன. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் சமாளிக்க முடியாது. எனக்கு வந்து சேர்ந்த சரக்கில் குறைந்தது காய்ச்சல்.

போர்த்துக்கீசியர் 1510 முதல் 1961 வரை கோவாவில் இருந்தார்கள். அவர்கள் ஊர் சாசேஜில் திராட்சை மதுவும் பூண்டும் சேரும். இங்கே தென்னை இருந்தது, கள் இருந்தது, புளித்த கள் வினிகரானது, அது கறிக்குள் போனது. மிளகாயையும் அவர்களே கப்பலில் கொண்டுவந்தார்கள். நம் தமிழ்நாட்டில் கள் இறக்கவே தடை. அதனால் கள்ளு வினிகரின் வாசனை நம்மில் பலருக்குப் பழக்கமில்லை. செயற்கை வினிகர் மூக்கில் சுரீரென்று ஏறும். கள்ளு வினிகரில் புளிப்போடு லேசான இனிப்பும் பழ வாசனையும் இருக்கும். சரக்கை மோந்து பார்க்கும்போது இந்த வித்தியாசம்தான் முதலில் கை கொடுக்கும்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். ஆகஸ்ட் மாதம் ஒரு வீட்டில் முதல் நன்மை விருந்து (பிள்ளை கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் விசேஷம்), 60 பேர். தட்டுக்கு 350 ரூபாய் பேசினோம். 60 பேருக்கு அஞ்சு கிலோ அரிசி, மூன்று கிலோ சோரிஸ் என்பது என் கணக்கு. தோலும் நூலும் கழிவதால் நாலு கிலோவாக வாங்கிவிடுவேன். வழக்கமாக மே மாதமே வாங்கி வைத்துவிடுவது உண்டு. இங்கே ஜூன் முதல் வாரத்தில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. அதனால் அரிசி, மிளகாய், கருவாடு, சோரிஸ் என்று எல்லாவற்றையும் மழைக்கு முன்பே சேர்த்து வைப்பது கோவா வீடுகளில் காலகாலமாக உள்ள பழக்கம். புருமெந்து என்பார்கள். அந்த வருஷம் ஜூலையில் இரண்டு ஆர்டர் கூடுதலாக வந்து என் கையிருப்பு தீர்ந்திருந்தது. எப்போதும் எனக்குச் சோரிஸ் விற்கும் அம்மாவிடமும் இல்லை. தெரிந்தவர் மூலமாக இன்னொருவரின் எண் கிடைத்தது. வீட்டில் செய்வது, ஆன்ட்டி, ஒருநாளும் குறை வந்ததில்லை என்றார். மாதிரிக்கு ஒரு சரம் கொண்டுவந்து கொடுத்தார். சமைத்துப் பார்த்தேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது. கிலோ 1,100 என்று பேசி 4,400 ரூபாயை முழுதாக முன்பணமாக வாங்கிக்கொண்டார். மழைக்காலத்தில் அப்படித்தான் கேட்பார்கள், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

புதன்கிழமை வரவேண்டிய சரக்கு சனிக்கிழமை ராத்திரி வந்தது. விருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம். வீட்டுக்காரர் அந்த வாரம் வெளியூர்ப் பணியில் இருந்தார். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். பையைப் பிரித்தேன். மேலே இருந்த சரங்கள் பார்க்கக் கச்சிதம். தோல் காய்ந்து, சுருங்கி, கருஞ்சிவப்பாக இருந்தன. கையை உள்ளே விட்டு அடியில் கிடந்ததை எடுத்தபோது விரல் வழுக்கியது. ஒன்றைப் பலகையில் வைத்துக் குறுக்கே வெட்டினேன். ஓரத்தில் ஒரு விரல் நகம் அளவுக்குக் கறுத்துக் காய்ந்த வளையம். அதற்கு உள்ளே வெளிறிய, ஈரமான கறி. நடுவில் சின்ன ஓட்டை, அதைச் சுற்றிச் சாம்பலும் பச்சையுமாக ஒரு நிறம். வாடை வினிகரில்லை. அடைத்து வைத்த மீன் டப்பாவைத் திறந்ததுபோல ஒரு வீச்சம். மாதிரிக்குக் கொடுத்தது மே மாதச் சரக்கு, மொத்தத்துக்கு அனுப்பியது மழையில் செய்தது என்று அப்போதுதான் புரிந்தது.

இது எப்படி ஆகிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் ஏமாந்துதான் போவோம். சோரிஸ் மெதுவாகக் காய வேண்டும். உள்ளே இருக்கும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளித்தோலுக்கு வந்து ஆவியாகிக்கொண்டே இருக்க வேண்டும். மழையில் வெயில் இல்லாதபோது அவசரக்காரர்கள் சுள்ளென்ற அடுப்புக்கு மேலேயோ மின்விசிறிக் காற்றிலோ தொங்கவிட்டுவிடுகிறார்கள். வெளித்தோல் சட்டென்று காய்ந்து இறுகிவிடுகிறது. இறுகிய தோல் கதவைச் சாத்திய மாதிரி, உள்ளே உள்ள ஈரம் வெளியே வர வழியில்லை. அடைக்கும்போது காற்று புகுந்திருந்தால் அந்த ஓட்டையிலிருந்தே கெடத் தொடங்கும். இன்னொரு காரணமும் இருக்கிறது. காயக் காய எடை குறையும். கிலோ கணக்கில் விற்பவருக்கு ஈரமும் காசுதான்.

அதனால் வாங்கும்போது பார்க்க வேண்டியது தோலின் நிறத்தை இல்லை. கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் நடுவில் அழுத்துங்கள். நன்றாகக் காய்ந்தது ஒரே சீராக இறுக்கமாக இருக்கும். வெளியே மொடமொடப்பாக இருந்து உள்ளே பொதபொதவென்று அமுங்கினால் வேண்டாம். சரத்தில் பெரிதாக உள்ள ஒன்றைக் குறுக்கே வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதற்குத் தனியாகக் காசு கொடுக்கிறேன் என்று சொல்லியே கேளுங்கள், நல்ல வியாபாரி தயங்கமாட்டார். ஓரமும் நடுவும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். பை நிறைய வாங்கினால் மேலே இருப்பதைப் பார்த்து முடிவு செய்யாமல் அடியில் கை விட்டு எடுங்கள். மாப்புசா வெள்ளிக்கிழமைச் சந்தையில் சோரிஸ் விற்கும் பெண்களிடம் அனுபவப்பட்ட கோவாக்காரர்கள் வாங்குவதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அழுத்துவார்கள், மோந்து பார்ப்பார்கள், இரண்டு சரத்தைக் கையில் தூக்கி எடை பார்ப்பார்கள், அப்புறம்தான் விலை பேசுவார்கள்.

அந்த ராத்திரிக்கு வருகிறேன். நாலு கிலோவையும் தரையில் செய்தித்தாள் விரித்துக் கொட்டி, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட முக்கால்வாசி சந்தேகம். கெட்டதைத் தனியாக எடுத்துவிட்டு மிச்சத்தைச் சமைக்கலாமா என்று ஒரு கணம் மனசு அலைந்தது. பொய் சொல்ல விரும்பவில்லை. 4,400 ரூபாய் கண்முன்னால் கிடக்கும்போது அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒரே பையில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த கறி. சாப்பிடப் போவதோ எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள். கெட்ட கறியைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகலாம், ஆனால் கிருமி விட்டுப்போன நஞ்சு எல்லாமே கொதியில் போகாது. எல்லாவற்றையும் இரண்டு உறை போட்டுக் கட்டி வெளியே வைத்துவிட்டேன். கட்டுவதற்கு முன் போட்டோ எடுத்துக்கொண்டேன். அது பின்னால் ஒன்றுக்கும் உதவவில்லை, அதையும் சொல்கிறேன். கையைக் கழுவிவிட்டு அடுப்படி மேடையில் உட்கார்ந்து அழுதேன். ராத்திரி பதினொன்றரை மணி. போன் செய்ய ஆளில்லை. அக்காவுக்குச் செய்தால் இதற்குத்தான் இந்தத் தொழிலே வேண்டாம் என்றேன் என்பாள். விருந்து வீட்டுக்கு அந்த நேரத்தில் என்ன சொல்வது?

காலையில் ஆறரை மணிக்குக் குடையோடு கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை, பூசை நேரம், பாதிக் கடை திறக்கவில்லை. ஒரு கடையில் வெற்றிடப் பாக்கெட்டில் அடைத்த சோரிஸ் கொஞ்சம், இன்னொரு கடையில் பழைய சரங்கள் கொஞ்சம், தெரிந்த ரொட்டிக்காரர் காட்டிய ஒரு வீட்டில் கொஞ்சம். மூன்றிடத்தில் சேர்த்து மூன்று கிலோ, 3,900 ரூபாய். மூன்றும் மூன்று கைப்பக்குவம். இங்கேதான் இந்தக் கட்டுரையிலேயே மிக உபயோகமான ஒன்றை நான் கற்றேன், அவசரம்தான் கற்றுக் கொடுத்தது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே ஒரு மணியை எடுத்துத் தோலை உரித்து, தனித்தனிக் கிண்ணத்தில் அரை டம்ளர் தண்ணீரில் மூடி வைத்துக் கால்மணி நேரம் கொதிக்கவிட்டேன். அப்புறம் கறியையும் அந்தத் தண்ணீரையும் ருசி பார்த்தேன். பாக்கெட்டில் வந்தது உப்புக் கரித்தது. சரத்தில் வந்ததில் புளிப்புத் தூக்கல், உப்புக் குறைவு. வீட்டில் வாங்கியது அளவாக இருந்தது, ஆனால் பாதிக்குப் பாதி கொழுப்பு.

சோரிஸை நாம் கறி என்று நினைக்கக் கூடாது. அது யாரோ ஒருவர் உப்பு, புளிப்பு, காரம் எல்லாம் போட்டுப் பாதியில் இறக்கி வைத்த குழம்பு. அவர் எவ்வளவு போட்டார் என்று தெரியாமல் அதன் மேல் நாம் ஒரு சிட்டிகை உப்புக்கூடப் போட முடியாது. சமையல் குறிப்புகளில் உப்பு ஒரு தேக்கரண்டி என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பினால் அஞ்சு கிலோ அரிசியும் குப்பைக்குப் போகும். ஒரு மணியை வேகவைத்துப் பார்க்காமல் அரிசியைக் கழுவவே கூடாது என்பதை இப்போது நான் சட்டமாகவே வைத்திருக்கிறேன். அதே கிண்ணத்தில் சாயமும் தெரிந்துவிடும். மிளகாயின் சிவப்பு எண்ணெயில் கரைவது. கொதித்த பிறகு மேலே மிதக்கும் கொழுப்பு செம்மஞ்சளாக மின்னும், தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக இருக்கும். கொதி வருவதற்கு முன்பே தண்ணீர் ரோஜாப்பூ நிறத்துக்கு மாறினால் அதில் சாயப்பொடி சேர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

உப்புக் கரித்ததைச் சரி செய்ய உருளைக்கிழங்கு போட்டால் போதும் என்பார்கள். உருளைக்கிழங்கு உப்பை மாயமாக விழுங்கிவிடாது, பங்கு போட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். நான் செய்தது, கரித்த சோரிஸைத் தோல் உரித்துத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு, மேலே மிதந்த கொழுப்பைக் கரண்டியால் எடுத்து வைத்துக்கொண்டு, தண்ணீரில் பாதியைக் கொட்டிவிட்டேன். புளிப்புத் தூக்கலாக இருந்ததற்கு வெங்காயத்தைக் கூட்டினேன். நிதானமாகப் பொன்னிறத்துக்கு வதக்கினால் வெங்காயத்தின் இனிப்பே புளிப்பை அடக்கிவிடும். இந்த ஊரில் புலாவுக்கு ஸ்டாக் கட்டிகளைப் போடும் வழக்கம் உண்டு. நானும் போடுவேன். அன்று ஒன்றுகூடப் போடவில்லை, அந்தக் கட்டி பெரும்பாலும் உப்புதான்.

புளிப்பு இன்னொரு வேலையும் செய்யும். கிழங்கையும் பயறையும் வேகவிடாது. சோரிஸ் குழம்பிலேயே பச்சை உருளைக்கிழங்கைப் போட்டால் எவ்வளவு நேரம் கொதித்தாலும் நடுவில் நறுக்கென்று இருக்கும். ராஜ்மாவோ காராமணியோ போட்டு சோரிஸ் ஃபெய்ஜோவாதா செய்கிறவர்கள் பயறை முதலில் தனியாகக் குழைய வேகவைத்துக்கொண்டு, அப்புறம்தான் சோரிஸில் சேர்க்க வேண்டும். நான் கிழங்கைத் தோலோடு தனியாக அவித்து, உரித்துக் கடைசியில் சேர்க்கிறேன். அரிசிக்கு மட்டும் இந்தப் புளிப்பு நல்லது, பருக்கை உதிரி உதிரியாக நிற்கும். பாத்திரத்திலும் கவனம் வேண்டும். விருந்துச் சமையல் என்றதும் வாடகைக்கு எடுத்து வரும் பெரிய அலுமினிய தேக்சாவில் வினிகர்க் கறியைக் கொதிக்கவிடாதீர்கள். பாத்திரம் கறுக்கும், சாப்பாட்டில் உலோக வாடை வரும். எவர்சில்வர் இல்லாவிட்டால் மண்சட்டி.

எண்ணெய் வேண்டவே வேண்டாம். அடி கனத்த பாத்திரத்தில் உதிர்த்த சோரிஸ், கொஞ்சம் வெங்காயம், ஒரு கை தண்ணீர், எல்லாவற்றையும் பாத்திரம் சூடாவதற்கு முன்பே போட்டு, சிறு தீயில் வையுங்கள். தண்ணீர் வற்றுவதற்குள் கொழுப்பு உருகி வந்துவிடும். சூடான எண்ணெயில் போட்டால் மசாலா அடிப்பிடித்துக் கசக்கும், உள்ளே கறி பச்சையாகவே நிற்கும். மொத்தத்தில் அரைமணி நேரமாவது வெந்தால்தான் எனக்கு நிம்மதி. காய்ந்து போயிருப்பதால் பார்க்க வெந்தது மாதிரி இருக்கும், அதை நம்பாதீர்கள். குடல் தோலை இங்கே சாப்பிடுவதில்லை, உரித்துவிட வேண்டும். உரிக்கும்போது நூல் துண்டுகளை ஒரு தட்டில் தனியாகப் போட்டு வாருங்கள். புலாவில் நூல் வந்தால் சாப்பிடுகிறவர் முடி என்றுதான் நினைப்பார். உருகிய கொழுப்பு அளவுக்கு மீறி வந்தால் ஒரு பாட்டிலில் ஊற்றி ஃப்ரிஜ்ஜில் வையுங்கள். முட்டை பொரிக்க, முட்டைக்கோஸ் வதக்க, ஒரு கரண்டி போதும், வீடே மணக்கும். மிச்சப்பட்ட சோரிஸை மறுநாள் பாவ் ரொட்டிக்குள் அடைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் மதியச் சாப்பாட்டைக் கேட்கவேமாட்டார்கள்.

அன்றைக்குப் புலாவ் ருசியாகவே வந்தது, நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பன்னிரண்டரை மணிக்குப் போகவேண்டியது போய்ச் சேர்ந்தபோது இரண்டாகிவிட்டது. பிள்ளைகள் பசியில் கேக்கை வெட்டிச் சாப்பிட்டுவிட்டிருந்தார்கள். வந்த விருந்தாளிகளில் கொஞ்சம் பேர் கிளம்பியும் விட்டார்கள். விருந்து வீட்டம்மா என்னிடம் சத்தம் போடவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. மறுநாள் 6,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பினார். நடந்ததையெல்லாம் போட்டோவோடு சொன்னேன். நீங்கள் கெட்டதைப் போடவில்லை என்பது சரி ஆன்ட்டி, ஆனால் என் விருந்து கெட்டுப்போனது கெட்டதுதானே என்றார். அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவருடைய நாத்தனார் வீட்டு ஆர்டர் செப்டம்பருக்குப் பேசியிருந்தது, அதுவும் வேறு ஆளுக்குப் போயிற்று.

சோரிஸ் கொடுத்தவர் முதலில் போனை எடுக்கவில்லை. அப்புறம் எடுத்தார். மழைக்காலம் ஆன்ட்டி, நான் என்ன செய்ய முடியும் என்றார். மழைக்காலம் என்று தெரிந்துதானே காசு வாங்கினீர்கள் என்றேன். போட்டோவில் இருப்பது என் சரக்குத்தான் என்று எப்படி நம்புவது என்று கேட்டார். என்னிடம் பில் இல்லை. என்றைக்குச் செய்த சரக்கு என்று ஒரு சீட்டுக்கூட இல்லை. பணம் போன கணக்கு மட்டும் போனில் இருந்தது, எதற்காகப் போனது என்பதற்கு அத்தாட்சி இல்லை. இன்றுவரை ஒரு ரூபாய் திரும்பவில்லை. அதனால் வீட்டில் செய்து விற்பவர்களிடம் மொத்தமாக வாங்கும்போது எடை, விலை, செய்த மாதம், கொடுக்கும் தேதி நான்கையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். உணவு விற்பவர் யாராக இருந்தாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவோ உரிமமோ இருக்க வேண்டும். 14 இலக்க எண் அது. கேட்டால் முகம் சுளிப்பவரிடம் கால் கிலோ வாங்கலாம், நாலு கிலோ வேண்டாம். முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். விருந்துக்கு மூன்று நாள் முன்னதாகச் சரக்கு கைக்கு வரவில்லை என்றால் ஆர்டரை ரத்து செய்யலாம் என்பதையும் அதே செய்தியில் எழுதிவிடுங்கள்.

எங்கள் தெருவில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு மாய், அதாவது பாட்டியம்மா, இருக்கிறார். நடந்து முடிந்து பல நாள் கழித்துத்தான் அவரிடம் சொன்னேன். ஏன் பெண்ணே, அன்றைக்கு ராத்திரியே என் கதவைத் தட்டியிருக்கலாமே என்று கடிந்துகொண்டார். அவர் வீட்டு அடுப்புக்கு மேலே மூங்கில் கழியில் சோரிஸ் தொங்கும். மழை முழுக்க அப்படித்தான் வைக்கிறார். தினமும் விறகு மூட்டுகிற வீட்டில் அது சரி வரும். நம்மைப்போலக் காஸ் அடுப்பும் ஜன்னலில் ஈரக் காற்றுமாக இருக்கிற குடித்தனத்தில் தொங்கவிட்டால் ஒரு வாரத்தில் பூசணம் பூக்கும். மேலே லேசாக வெள்ளை படிந்ததை வினிகரில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டுச் சமைப்பவர்கள் உண்டு. மாயும் அப்படித்தான் சொல்கிறார். அவர் செய்த சரக்கு அவருக்குத் தெரியும், அவர் துடைக்கலாம். யார் செய்தது, எப்போது செய்தது என்று தெரியாததில் நான் அந்தப் பரீட்சைக்குப் போவதில்லை. பச்சையோ கறுப்போ படிந்திருந்தாலும், பிசுபிசுவென்று இருந்தாலும், வெற்றிடப் பாக்கெட் உப்பியிருந்தாலும் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள். உப்பிய பாக்கெட்டைப் பிரித்து மோந்து பார்க்கக்கூட வேண்டாம்.

இப்போது நான் ஏப்ரல், மே மாதத்திலேயே வாங்கிவிடுகிறேன். வாங்கிய அன்றே ஒரு மணியை வேகவைத்து உப்பு, புளிப்பு, கொழுப்பு எப்படி என்று ஒரு சீட்டில் எழுதி, அரை அரைக் கிலோவாகப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி, சீட்டையும் ஒட்டி ஃப்ரீசரில் வைக்கிறேன். ஒரே சரக்கு ஒரே பையில்தான் இருக்கும், இரண்டைக் கலப்பதில்லை. சமைக்க எடுக்கும்போது முதல் நாள் ராத்திரி ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றினால் போதும், வெளியே வைத்து உருக்கக் கூடாது. ஊருக்குக் கொண்டுபோகிறவர்களும் நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து வாங்கி, முதல் நாள் ஃப்ரீசரில் வைத்து இறுக்கி, வாழை இலையில் சுற்றி, மேலே இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு எண்ணெய் ஒருமுறை புடவையில் இறங்கினால் எந்தச் சோப்புக்கும் போகாது. ரயில் பெட்டியில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொள்வதும் நேராது.

ஜூலை, ஆகஸ்டில் சோரிஸ் புலாவ் கேட்டு வருகிறவர்களிடம் முதலிலேயே கையிருப்பு இத்தனை கிலோதான், இத்தனை பேருக்குத்தான் வரும் என்று சொல்லிவிடுகிறேன். அதற்கு மேல் வேண்டுமென்றால் வெளியில் தேடி வாங்கிப் போடுவதில்லை, சிக்கன் ஷாகுதி, அதாவது தேங்காய் வறுத்து அரைத்த கோழிக் குழம்பு, செய்து தருகிறேன் என்பேன். முகம் வாடுகிறவர்கள் உண்டு. வேறு ஆளைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. போகட்டும். பெரும்பாலானவர்கள் ஷாகுதிக்குச் சரி என்றுதான் சொல்கிறார்கள். தேங்காயை வறுத்து அரைப்பது எனக்கும் கைவந்த வேலை.